சொல் சென்று சேரும் பொருள்: திருமலை அடிவாரத்தில் ஸ்ரீராமானுஜர்

திருமலைக்குப் படிவழியே ஏறிச் செல்லும் அடியார்கள், அடிவாரமான அலிபிரியில் உள்ள திருவடி மண்டபத்தை முதலில் வணங்குகிறார்கள். இறைவனின் பாதுகைகளைத் தலைமேல் தாங்கி வலம் வந்த பிறகே பலர் முதற்படியில் கால் வைக்கிறார்கள். ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன், இந்த மலையடிவாரத்தில் ஒரு துறவி ஓராண்டுக் காலம் மாணவராக அமர்ந்து ஸ்ரீமத் ராமாயணம் கேட்டார் என்று வைணவ குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அப்போது அவர் இளைஞர் அல்லர். திருவரங்கத்தில் ஆசாரிய பீடத்தை அலங்கரித்தவர். இலக்கணம், தர்க்கம், மீமாம்சை ஆகியவற்றைத் துறைபோகக் கற்றவர். வாதத்தில் பெரும் பண்டிதர்களைச் சந்தித்தவர். அவர்தாம் ஸ்ரீராமானுஜர்.

வால்மீகியின் சொற்கள் அவருக்கு விளங்காதவை அல்ல. பிறகு எதற்காக அவர் திருவரங்கத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து கைகட்டி அமர்ந்தார்? சொல்லை அறிவது வேறு, அதன் பொருளைப் பெறுவது வேறு என்று அவர் உணர்ந்திருந்ததே காரணம். நம் முன்னோர் சாஸ்திரக் கல்வியைப் பதம், வாக்கியம், பிரமாணம் என்று மூன்றாக வகுத்தார்கள். சொல்லை ஆராய்வது வியாகரணம். வாக்கியத்தின் கருத்தை ஆராய்வது மீமாம்சை. அறிவின் அளவைகளை ஆராய்வது நியாயம். இம்மூன்றும் எங்கே ஒன்றுகூட வேண்டும் என்னும் கேள்விக்கு ஸ்ரீராமானுஜரின் வாழ்க்கையே ஒரு விடையாக அமைந்தது.

காஞ்சியில் சிந்திய கண்ணீர்

ஸ்ரீபெரும்பூதூரில் 1017-ஆம் ஆண்டு அவர் அவதரித்ததாக மரபு கொள்கிறது. தந்தை ஆசூரி கேசவ சோமயாஜி, தாய் காந்திமதி. தாயின் உடன்பிறந்தவர் பெரிய திருமலை நம்பி. ஆளவந்தாரின் சீடரான அவர், திருவேங்கடமுடையானுக்குத் தீர்த்தம் கொணரும் கைங்கரியத்தை ஏற்று மலைமேலேயே வாழ்ந்தவர். மருமகனுக்கு இளையாழ்வான் என்று பெயர் சூட்டியவர் அவரே.

தந்தையின் மறைவுக்குப் பிறகு இளையாழ்வான் காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழியில் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். சிற்றன்னையின் மகன் கோவிந்தரும் உடன் பயின்றார். ஒருநாள் சீடர் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, சாந்தோக்கிய உபநிஷதத்தில் இறைவனின் கண்களைத் தாமரைக்கு ஒப்பிடும் பகுதி பேச்சில் வந்தது. அங்கே 'கப்யாசம்' என்றொரு சொல் உள்ளது. 'கபி' என்றால் குரங்கு என்பதே உலக வழக்கு. அவ்வழக்கைக் கொண்டு, குரங்கின் ஆசனப் பகுதியைப் போன்று சிவந்தது என்று ஆசிரியர் பொருள் கூறினார். சீடரின் கண்களிலிருந்து வெந்நீர்த் துளிகள் ஆசிரியரின் தொடைமீது விழுந்தன.

இந்த உவமை இறைவனின் கண்ணுக்கு நேராக வந்ததன்று, உவமானமான தாமரைக்கு வந்த உவமையே. ஆகையால் இழிவில்லை என்று ஆதிசங்கரர் தமது பாஷ்யத்தில் முன்பே சமாதானம் கூறியிருந்தார். இளையாழ்வானோ சொல்லின் வேருக்கே சென்றார். 'கம்' என்பது நீர். அதைப் பருகுவது 'கபி', அதாவது கதிரவன். அவனால் மலர்த்தப்படுவது 'கப்யாசம்'. கதிரவனால் மலர்ந்த தாமரை போன்றவை இறைவனின் கண்கள் என்று அவர் பொருள் உரைத்தார்.

இலக்கணப்படி இரு பொருள்களுக்கும் இடம் இருந்தது. அப்படியானால் எதைக் கொள்வது? இடத்துக்கும் கருத்துக்கும் பொருந்துவதையே கொள்ள வேண்டும். பரம்பொருளின் பேரழகைச் சொல்ல வந்த வாக்கியம், தான் சொல்ல வந்ததைத் தானே குலைத்துக்கொள்ளாது. இவ்வாறு, சொல் தரும் பல வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் துணையாகத் தர்க்கம் அங்கே நின்றது. ஆனால் அந்தத் தர்க்கத்தைத் தூண்டியது பக்தியில் பிறந்த கண்ணீர்.

பொருளுக்காக ஏற்ற நரகம்

ஆளவந்தார் தம் கல்விச் செல்வத்தைப் பல சீடர்களிடம் பகிர்ந்து வைத்திருந்தார். அவர்களுள் ஐவரை அணுகி ஸ்ரீராமானுஜர் அதைப் பெற்றார். திருமந்திரத்தின் உட்பொருளை அறியத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார். மந்திரத்தின் எழுத்துக்கள் எட்டும் ஊரறிந்தவையே. ஆயினும் அதன் பொருளுக்காக அவர் அத்தனை முறை நடக்க வேண்டியிருந்தது. தகுதியற்றவர்க்கு வெளியிட்டால் நரகம் நேரும் என்னும் எச்சரிக்கையுடன் நம்பி அதை அருளினார். ஸ்ரீராமானுஜரோ திருக்கோயிலில் அடியார்களைக் கூட்டி அதை அறிவித்தார். பலர் உய்வடைய ஒருவன் நரகம் புகுவதில் இழப்பில்லை என்பது அவர் கண்ட முடிவு. அதைக் கேட்டு நம்பியின் சினம் நெகிழ்ந்தது. அவரையே தம் பெருமான் என்று கொண்டாடினார்.

திருவாய்மொழியின் பொருளைத் திருமாலையாண்டானிடம் கேட்டபோது வேறொரு சோதனை வந்தது. இரண்டாம் பத்தில் ஒரு பாசுரம்; அறியாமை சூழ்ந்த காலத்தையும் அடிமையில் பிறந்த அன்பையும் சேர்த்துப் பேசுவது. அன்பை முன்னமே விளைவித்துவிட்டுப் பிறகு என்னை மாயையில் வைத்தாயே என்று ஆழ்வார் முறையிடுவதாக ஆண்டான் உரைத்தார். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் நன்றியும் மகிழ்ச்சியும் ததும்புவன. நடுவே ஒரு முறையீடு எவ்வாறு பொருந்தும் என்று ஸ்ரீராமானுஜர் எண்ணினார். சொற்களைக் கொண்டுகூட்டி, மாயையில் கிடந்த என்னை அறியாப் பருவத்திலேயே அன்பு கொள்ளச் செய்தாயே என்று பொருள் கண்டார். ஆண்டான் வருந்திப் பாடத்தை நிறுத்திவிட்டார். திருக்கோஷ்டியூர் நம்பி வந்து, இதுவே ஆளவந்தார் கருத்து என்று உறுதிகூறிய பிறகுதான் பாடம் தொடர்ந்தது.

இங்கு ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவும் இல்லை. எந்தச் சொல் எதனோடு சேர்கிறது என்பது மட்டுமே மாறியது, முறையீடு நன்றியாயிற்று.

வாதம் ஓய்ந்த நாள்

யக்ஞமூர்த்தி என்னும் பெரும் பண்டிதர் திருவரங்கத்துக்கு வாதிட வந்தார். வாதம் பல நாட்கள் நீண்டது. பதினேழாம் நாள் அவர் கையே ஓங்கியிருந்தது. அன்றிரவு ஸ்ரீராமானுஜர் இறைவனிடம் தம் கவலையை முறையிட்டு உணவின்றிக் கிடந்தார். கனவில் பேரருளாளன் தோன்றி ஆளவந்தாரின் நூற்கருத்துக்களை நினைவூட்டியதாகக் கூறுவர். மறுநாள் தெளிந்த முகத்துடன் அவர் வந்த பொலிவைக் கண்ட மாத்திரத்தில் யக்ஞமூர்த்தி வாதத்தை விட்டு அடிபணிந்தார். அவரே அருளாளப் பெருமாள் எம்பெருமானார் ஆனார்.

வாதத்தில் அவரைப் பதினேழு நாட்கள் நிறுத்திவைக்கத் தர்க்கத்தால் முடிந்தது. அவர் மனத்தை அதனால் மாற்ற முடியவில்லை. இதனை நேரில் கண்ட ஸ்ரீராமானுஜர், வெற்றியின் களிப்பில் அமர்ந்துவிடவில்லை. இன்னும் கேட்க வேண்டியதைக் கேட்கத் திருவேங்கடம் நோக்கிப் புறப்பட்டார்.

அலிபிரியில் ஓராண்டு

மலையே ஆதிசேஷனின் திருமேனி என்பதால் அதன்மேல் கால்பட அவர் தயங்கினார். அடியார்கள் வேண்டிய பிறகே ஏறினார். மலைமேல் அவரை எதிர்கொண்டு பிரசாதம் அளிக்க முதியவரான திருமலை நம்பி தாமே வந்தார். இதற்குச் சிறியவர் ஒருவரை அனுப்பியிருக்கலாகாதா என்று ஸ்ரீராமானுஜர் நெகிழ்ந்தார். நாற்புறமும் தேடியும் தம்மைவிடச் சிறியவர் எவரும் அகப்படவில்லை என்று நம்பி விடையளித்தார். சிறியவர் என்னும் சொல்லுக்கு அகராதியில் வயதுப் பொருள் உண்டு. நம்பியின் வாழ்க்கையில் அது பணிவு என்னும் பொருளைப் பெற்றிருந்தது.

பின்னர் அடிவாரத்தில் ராமாயண பாடம் தொடங்கியது. மாமன் நாள்தோறும் மலையிலிருந்து இறங்கி வந்து கற்பித்தார். அதனால் உச்சிக்கால வழிபாடு தவறுகிறதே என்று நம்பி வருந்தியபோது, இறைவனின் திருவடிகள் அடிவாரத்திலேயே தோன்றின என்பது தலவரலாறு.

ராமாயணத்தைச் சரணாகதி சாஸ்திரமாகவே வைணவ ஆசாரியர்கள் போற்றுவர். விபீஷணன் அடைக்கலம் புகும் கட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். ஆபத்து வேளையில் சொந்த அண்ணனையே விட்டு வந்தவன் நாளை யாரைத்தான் விடமாட்டான் என்று சுக்ரீவன் அனுமானம் செய்கிறான். அந்தத் தர்க்கத்தில் குற்றம் காண்பது எளிதன்று. அனுமனோ வந்தவனின் பேச்சையும் முகத்தையும் பார்த்து வஞ்சனை இல்லை என்கிறான். ராமபிரான் இவை அனைத்தையும் கேட்டபின், அடைக்கலம் என்னும் ஒரு சொல்லின் பொருளில் நிலைநிற்கிறான். வந்தவன் குற்றமுடையவனாயினும் காப்பது தன் விரதம் என்கிறான். சுக்ரீவன் வந்தவனைப் பற்றி ஆராய்ந்தான். ராமபிரான் தன் சொல்லைப் பற்றி ஆராய்ந்தான்.

அந்த ஓராண்டில் நூலுக்கு வெளியேயும் ஒரு பாடம் நடந்தது. உடன்பயின்ற கோவிந்தர் இடையில் காளஹஸ்தியில் சிவபெருமானுக்குத் தொண்டு செய்து வாழ்ந்திருந்தார். திருமலை நம்பி அங்கே சென்று, கோவிந்தர் பூக்கொய்ய வரும் இடத்துக்கருகில் அமர்ந்து ஆழ்வாரின் பாசுரத்துக்குப் பொருள் விரித்துக் கொண்டிருந்தார். அதைக் கேட்டு நெகிழ்ந்த கோவிந்தர் அவருடன் திருமலைக்கு வந்து தொண்டில் அமர்ந்தார்.

ஒருநாள் அவர் நம்பிக்குப் படுக்கை விரித்துவிட்டுத் தாமே அதில் படுத்துப் பார்ப்பதை ஸ்ரீராமானுஜர் கண்டு திடுக்கிட்டு நம்பியிடம் தெரிவித்தார். குருவின் படுக்கையில் படுத்தவனுக்கு நரகம் என்பது சாஸ்திரம் அல்லவா என்று நம்பி வினவினார். கோவிந்தர் அதை மறுக்கவில்லை. படுக்கையில் உறுத்தல் ஏதுமின்றிக் குரு நன்கு உறங்குவாராயின், அதன் பொருட்டுத் தமக்கு நரகம் கிடைப்பதை ஏற்பதாகக் கூறினார். அதைக் கேட்டு ஸ்ரீராமானுஜர் மெய்சிலிர்த்தார். அவர் திருக்கோஷ்டியூரில் கண்ட முடிவும் இதுவே அன்றோ! விதியின் சொல்லை இருவரும் அப்படியே ஒப்புக்கொண்டார்கள். அதிலிருந்து தர்க்கம் தரும் பலனையும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பிறருக்காக வாழ்வதே அடிமையின் பொருள் என்று கண்டபின், அந்தப் பலன் அவர்களை அச்சுறுத்தவில்லை.

ஆண்டு முடிந்ததும் நம்பி தம் மருமகனுக்குக் கோவிந்தரையே பரிசாக அளித்தார். பிரிவாற்றாமல் மெலிந்த கோவிந்தர் திரும்பி வந்தபோது நம்பி உள்ளே அழைக்கவுமில்லை, உணவளிக்கவுமில்லை. விற்ற பசுவுக்கு விற்றவர் புல் இடுவதில்லை என்பது அவர் தந்த விளக்கம். கொடுத்தேன் என்ற சொல்லுக்கு அவ்வளவு பொருள் உண்டு என்று கோவிந்தர் உணர்ந்து திரும்பினார். பிற்காலத்தில் எம்பார் என்று உலகம் போற்றியது அவரையே.

வேதார்த்த சங்கிரகம்

ஸ்ரீராமானுஜர் இயற்றிய ஒன்பது நூல்களுள் வேதார்த்த சங்கிரகம் ஸ்ரீபாஷ்யத்துக்கு முந்தியது. திருமலையில் திருவேங்கடமுடையான் சந்நிதியில் அது அருளப்பட்டது என்பது மரபு. உபநிஷதங்களில் உயிரும் இறைவனும் வேறு என்று கூறும் வாக்கியங்கள் உண்டு. ஒன்றே என்று கூறும் வாக்கியங்களும் உண்டு. ஒருசாராரை மட்டும் உண்மையாகக் கொண்டு மறுசாராரைத் தாழ்த்த அவர் உடன்படவில்லை. இறைவன் உள்ளே உறைந்து ஆள்கிறான், உயிர்களும் உலகமும் அவனுக்கு உடல் என்று பேசும் வாக்கியங்களே இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் என்று கண்டார்.

இதற்கு அவர் துணைகொண்டது மொழியின் இயல்பையே. நீலத் தாமரை என்னும்போது நீலம் ஒரு காரணத்தால் வழங்குகிறது, தாமரை மற்றொரு காரணத்தால் வழங்குகிறது. ஆயினும் இரு சொற்களும் ஒரே பூவைச் சுட்டுகின்றன. இதனை இலக்கணிகள் சாமானாதிகரண்யம் என்பர். இராமன் வந்தான் என்றால் வந்தது வெறும் உடல் என்று எவரும் கொள்வதில்லை. உடலைக் குறிக்கும் சொல் உடலோடு நில்லாமல் உள்ளிருக்கும் ஆன்மா வரை செல்கிறது. அவ்வாறே உயிரைக் குறிக்கும் சொல், அந்த உயிருக்கும் உயிராக நிற்பவன் வரை செல்ல வேண்டும். உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு உபதேசித்த மகாவாக்கியத்தில் உள்ள 'அது', 'நீ' என்னும் இரு சொற்களையும் அவர் இப்படியே விளக்கினார். உலகக் காரணனாகிய இறைவனை ஒரு சொல் காட்டுகிறது; சுவேதகேதுவின் உள்ளே உறையும் அதே இறைவனை மற்றொரு சொல் காட்டுகிறது.

முரண்படும் அம்சங்களை நீக்கி, எஞ்சும் தூய சைதன்யத்தை இலக்கணையால் கொள்வது அத்வைத ஆசாரியர்களின் நெறி. சொல்லின் நேர்ப்பொருள் எதையும் விடாமலே ஒருமையைக் காணமுடியும் என்பது ஸ்ரீராமானுஜரின் நெறி. இரு பேராறுகளாக ஓடும் இவை வேதாந்தத்தின் ஆழத்தை வெவ்வேறு கரைகளிலிருந்து காட்டுகின்றன. ஸ்ரீராமானுஜரின் நோக்கில் எந்தச் சொல்லும் வீணன்று. புல் என்னும் சொல்லும் தன் பயணத்தை முழுதும் முடித்தால் நாராயணனிடமே சென்று நிற்கும்.

இந்த நூலில்தான் 'கப்யாசம்' மீண்டும் வருகிறது. கதிரவனால் மலர்வது, தண்டின்மேல் நிற்பது, நீரில் தங்குவது என்று அச்சொல்லில் அடங்கிய பொருள்கள் யாவும் ஒரே தாமரையின் வருணனையாக அங்கே இடம்பெறுகின்றன. திருப்புட்குழியில் கண்ணீராக விழுந்தது திருமலையில் மலர்மாலையாயிற்று.

எழுத்தாணி நின்ற இடம்

பின்னர் திருவரங்கத்தில் ஸ்ரீபாஷ்யம் உருவாயிற்று. அதில் சொல்லின் இயல்பு பற்றி அவர் செய்த ஆராய்ச்சி நுட்பமானது. ஒரு சொல்லே பகுதியும் விகுதியும் சேர்ந்து உண்டாகிறது. சொற்கள் சேர்ந்து வாக்கியம் உண்டாகிறது. மரத்தை என்னும் சிறு சொல்லிலும் பெயர் ஒன்றையும் வேற்றுமை உருபு மற்றொன்றையும் உணர்த்துகின்றன. இவ்வாறு பண்பும் தொடர்பும் கலந்தே பேசும் மொழி, பண்பே இல்லாத ஒரு பொருளை உணர்த்துவது எவ்வாறு என்று அவர் வினவினார்.

செயலை ஏவும் வாக்கியத்திலிருந்தே சொற்பொருள் விளங்கும் என்று மீமாம்சகருள் ஒருசாரார் கூறினர். ஸ்ரீராமானுஜர் குழந்தையைக் காட்டி அதை மறுத்தார். தாய், தந்தை, மாமன், விலங்கு, நிலவு என்று பெரியோர் விரலால் சுட்டிச் சொல்லச் சொல்லக் குழந்தை கற்கிறது. அங்கே ஏவல் எதுவுமில்லை. மற்றொரு கதையும் சொன்னார். விளையாடும்போது வழிதவறி, அந்தணர் ஒருவரால் வளர்க்கப்பட்ட அரசிளங்குமரனிடம், உன் தந்தை மன்னர், அவர் உன்னைத் தேடுகிறார் என்று நம்பத்தக்க ஒருவர் தெரிவிக்கிறார். எதைச் செய் என்றும் கட்டளையிடாத அந்தச் செய்தி அவனுக்குப் பேரானந்தம் தருகிறது. உபநிஷதங்கள் நமக்குத் தெரிவிப்பதும் அத்தகைய செய்தியே.

தர்க்கத்தின் எல்லையையும் அவர் அங்கேயே வரையறுத்தார். குடத்தைக் கண்டு குயவனை அறிவது போல, உலகைக் கண்டு இறைவனை அனுமானத்தால் நிறுவிவிடலாம் என்னும் வாதத்தை ஆத்திகராகிய அவரே மறுத்தார். உலகின் பகுதிகளை வெவ்வேறு காலங்களில் பலர் ஆக்கியிருக்கவும் கூடுமே என்று அந்த அனுமானத்தின் குறையைச் சுட்டினார். தம் பக்கத்துக்கு உதவுவது என்பதற்காகப் பலவீனமான தர்க்கத்தை அவர் ஏற்கவில்லை. இறைவனை அறியச் சாஸ்திரமே வழி. அதன் சொற்களைச் சரியாகப் புரிந்துகொள்ளத் தர்க்கம் துணை.

இந்த நேர்மை அவரிடமும் ஒருமுறை கணக்குக் கேட்டது. அவர் சொல்ல எழுதியவர் கூரத்தாழ்வான். தமக்கு உடன்பாடில்லாத இடத்தில் எழுத்தாணியை நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. அறியும் தன்மையே உயிரின் இயல்பு என்று ஓரிடத்தில் ஆசிரியர் சொன்னபோது எழுத்தாணி நின்றது. ஆசிரியர் சினந்தார்; ஆழ்வான் அசையவில்லை. பிறகு தனிமையில் எண்ணிப் பார்த்தபோது, இறைவனுக்கே உரியது உயிர் என்னும் அடிப்படை அங்கே விடுபட்டதை ஸ்ரீராமானுஜர் உணர்ந்தார். சீடரிடம் தம் தவற்றை ஒப்புக்கொண்டு வாக்கியத்தைத் திருத்தினார். மலைமேல் தம்மிலும் சிறியவர் எவருமில்லை என்ற மாமனிடம் பாடம் கேட்டவர் அன்றோ!

1137-ஆம் ஆண்டு திருவரங்கத்தில் அவர் திருநாடு அலங்கரித்ததாக மரபு. கீழ்த்திருப்பதியில் கோவிந்தராஜப் பெருமாளை அவர் பிரதிஷ்டை செய்ததையும், திருமலையில் அவர் ஏவலின்படி அனந்தாழ்வான் நந்தவனம் அமைத்ததையும் அங்குள்ளோர் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருப்பதியும் காளஹஸ்தியும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளன. 1961-இல் திருப்பதியில் வித்யாபீடமாகத் தொடங்கி 2020-இல் தேசிய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்தில் வியாகரணமும் நியாயமும் வேதாந்தமும் இன்றும் கற்பிக்கப்படுகின்றன.

சாஸ்திரம் பயில்வோர்க்கு மட்டுமன்றி, நாள்தோறும் இறைநாமம் சொல்லும் எளிய அடியார்க்கும் ஸ்ரீராமானுஜரின் வாழ்க்கை ஒன்றை நினைவூட்டுகிறது. சொல்லை நாம் கற்றுக்கொள்ளலாம், தர்க்கத்தைப் பழகிக்கொள்ளலாம். பொருளோ, பணிந்து கேட்பவரிடம் வந்து, பிறருக்கு வழங்குபவரிடம் தங்குகிறது. அலிபிரியில் பாதுகைகளைத் தலையில் ஏற்கும் ஒவ்வோர் அடியாரும், அறிந்தோ அறியாமலோ, அந்தப் பாடத்தின் முதல் வரியைப் படிக்கிறார்.